கருப்பையில் வைக்கும் முன் கருவுக்கு மரபணுச் சோதனை: புதிதாகச் செல்லும் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

செயற்கைக் கருத்தரிப்பு (ஐவிஎஃப்) சிகிச்சையின்போது, ஆய்வகத்தில் ஐந்து அல்லது ஆறு நாள் வளர்ந்த கருவிலிருந்து சில செல்களை எடுத்து, அந்தக் கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பே அதன் மரபணு நிலையை அறியும் சோதனையை நம் மருத்துவமனைகளில் ‘பிஜிடி’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடு குழுவினர் 1990இல் இந்த முறையில் கருத்தரிக்கச் செய்ததாக அறிவித்தபோது, பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும் பரம்பரை நோய்கள் இருந்த குடும்பங்களுக்காகவே அது செய்யப்பட்டது. இன்று அதே குடையின் கீழ் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட சோதனைகள் வந்துவிட்டன. தங்களுக்குச் செய்யப்படுவது எது என்று அறியாமலே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் தம்பதியர் உண்டு. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை சிகிச்சையின் முதல் ஹார்மோன் ஊசி போடுவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பதே நான் இங்கு வலியுறுத்த விரும்புவது.

எந்தச் சோதனை என்று முதலில் கேளுங்கள்

குடும்பத்தில் இன்ன நோய் என்று பெயர் தெரிந்து, அதற்குக் காரணமான மரபணு மாற்றமும் கண்டறியப்பட்டிருந்தால், அந்த ஒரு மாற்றத்தைக் கருவில் தேடுவது பிஜிடி-எம். தலசீமியா, சிக்கிள் செல் ஆகிய ரத்த நோய்கள், எஸ்.எம்.ஏ. என்னும் முதுகுத்தண்டு தசைநலிவு, ஹீமோபிலியா, டூஷேன் தசைச்சிதைவு ஆகியவை இதில் அடங்கும். கணவன் மனைவி இருவரில் ஒருவருடைய குரோமோசோமின் (மரபணுக்களைத் தாங்கும் இழையின்) துண்டு வேறொரு குரோமோசோமோடு இடம் மாறி ஒட்டியிருந்தால், அவர் ஆரோக்கியமாக இருந்தாலும் கருக்கள் பல தங்காமல் கலையக்கூடும், அத்தகையவர்களுக்கானது பிஜிடி-எஸ்ஆர். கரு அடிக்கடி கலைகிற தம்பதியர் இருவருமே கேரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இது தெரிந்துவிடும். மூன்றாவது பிஜிடி-ஏ. இதில் பெற்றோருக்கு எந்த மரபணுக் குறையும் இருக்கத் தேவையில்லை. கருவில் 46 குரோமோசோம்களும் சரியாக இருக்கின்றனவா, கூடவோ குறையவோ உள்ளனவா என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள்.

முதலிரண்டும் தேவையிலிருந்து பிறப்பவை. மூன்றாவது பெரும்பாலும் மருத்துவமனை முன்வைக்கும் கூடுதல் சேவையாக வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் தலசீமியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு பிஜிடி-எம்மின் படிகளை விரிவாகச் சொல்லிவிட்டு, பிஜிடி-ஏ பற்றித் தனியாகப் பேசுகிறேன்.

ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள்

பீட்டா தலசீமியா நோய்க்கூறு ஒரு மரபணுப் பிரதியில் மட்டும் இருப்பவரை கேரியர் என்கிறோம். அவருக்கு நோய் இல்லை. லேசான ரத்தக் குறைவு இருக்கலாம், அவ்வளவே. கணவன் மனைவி இருவருமே கேரியராக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கும், நான்கில் இரண்டு பங்கு பெற்றோரைப் போன்ற கேரியர் குழந்தைக்கும், நான்கில் ஒரு பங்கு நோய்க்கூறே இல்லாத குழந்தைக்கும் உண்டு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று சிலர் நம்புகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. தலசீமியா மேஜர் உள்ள குழந்தைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும்.

கேரியர் என்று அறிய விலை உயர்ந்த சோதனை தேவையில்லை. சாதாரண ரத்த அணு எண்ணிக்கைச் சோதனையில் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 80க்கும், அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவைக் காட்டும் எம்.சி.எச். 27க்கும் கீழே இருந்தால் சந்தேகம் கொள்ள வேண்டும், அடுத்து ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனையில் எச்.பி.ஏ2 என்ற வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அவர் கேரியர்தான். இரும்புச் சத்துக் குறைபாடு இருக்கும்போது எச்.பி.ஏ2 அளவு இறங்கிக் காட்டக்கூடும் என்பதால், எல்லைக்கோட்டில் உள்ள முடிவை மட்டும் நம்பி நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்று சொல்லும் பெண்களுக்கு இந்த ஒரு சோதனையை யாரும் எழுதிக் கொடுக்காமலே காலம் போய்விடுவதைக் காண மிகவும் வருத்தமாக இருக்கிறது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் அளவில் ரத்த உறவுக்குள் மணம் செய்தவர்கள் என்று பதிவாகியிருக்கிறது. நாட்டின் சராசரியைவிட இது மிக அதிகம். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்ற உறவில் மணந்தவர்களிடம் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே மரபணு மாற்றம் வந்து சேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், மருத்துவரிடம் உறவுமுறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைக் குற்றமாகப் பேசும் மருத்துவரிடம் நீங்கள் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. உறவில்லாத் தம்பதியருக்கும் இது வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிக்கிள் செல் நோய்க்கூறு இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் கண்டறியப்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்தவர்கள் அந்தச் சோதனையையும் செய்துகொள்வது நல்லது.

இருவரும் கேரியர் என்று தெரிந்தபின், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் எச்.பி.பி. மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் உள்ளது என்று டி.என்.ஏ. சோதனையால் அறிய வேண்டும். இந்தியர்களிடம் ஐந்தாறு மாற்றங்களே பெரும்பாலான குடும்பங்களில் காணப்படுவதால் இது பொதுவாக எளிதில் கிடைத்துவிடும். அரிய நோய்களில் நிலைமை வேறு. சோதனை அறிக்கையில் ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்ற வகைப்பாடு வந்திருந்தால், அதை வைத்துக் கருக்களைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. நோய்க்கு அதுதான் காரணமா என்பது நிச்சயமில்லாதபோது நல்ல கருவை ஒதுக்கிவிடவும் நோயுள்ள கருவை ஏற்றுவிடவும் நேரலாம். இறந்துபோன குழந்தையின் ரத்த மாதிரியோ டி.என்.ஏ.வோ எங்காவது பாதுகாக்கப்பட்டிருந்தால், அதைத் தேடி எடுப்பது இந்த நிலையில் மிகுந்த பயன் தரும்.

ஆலோசனையும் மாற்று வழிகளும்

அடுத்து மரபணு ஆலோசகரையோ மருத்துவ மரபியல் நிபுணரையோ சந்தியுங்கள். கருத்தரிப்பு மையத்தின் மருத்துவரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். இயல்பாகக் கருத்தரிக்கக்கூடிய தம்பதியருக்கு வேறொரு வழியும் உண்டு என்பதை அங்கேதான் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். இயல்பாகக் கருத்தரித்து, 11 முதல் 14 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவைச் சிறிது எடுத்தோ, 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீரை எடுத்தோ அதே மரபணு மாற்றத்தைச் சோதிக்கலாம். செலவு மிகக் குறைவு, தினசரி ஹார்மோன் ஊசிகள் இல்லை. ஆனால் முடிவு பாதகமாக வந்தால் கருக்கலைப்பு என்ற கடினமான முடிவை எதிர்கொள்ள வேண்டும். அதை ஒருமுறை அனுபவித்தவர்கள், அல்லது மனத்தாலும் நம்பிக்கையாலும் அதை ஏற்க முடியாதவர்கள் பிஜிடி-எம் வழியைத் தேர்கிறார்கள். இரண்டில் எது உயர்ந்தது என்று வெளியாள் சொல்ல முடியாது. தம்பதியர் இருவரும் தனியாக அமர்ந்து, மாமியார் மாமனார், அம்மா அப்பா யாருடைய அவசரமும் இல்லாமல் பேசி எடுக்க வேண்டிய முடிவு இது.

மையத்தையும் சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். முதல் நிலை மையங்கள் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சையை மட்டுமே செய்யலாம். கருவை உருவாக்கிக் கையாளும் உரிமை இரண்டாம் நிலை மையங்களுக்கே உண்டு. பதிவுச் சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். கருவின் மரபணுச் சோதனை, ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை அல்லது மரபணு நோய்களைக் கண்டறிய மட்டுமே செய்யப்படலாம் என்று அதே சட்டம் வரையறுக்கிறது.

கருவின் பாலினம் அறிக்கையில் இருக்காது. எந்த வழியாகவும் உங்களுக்குச் சொல்லப்படக் கூடாது. பாலினத் தேர்வைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தரிப்புக்கு முந்தைய முறைகளுக்கும் பொருந்தும். பாலினத் தேர்வுக்குச் சேவை வழங்குவோருக்கு 2021 சட்டத்தில் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை அல்லது 10 லட்சம் முதல் 25 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ‘ஆண் கருவா என்று மெதுவாகச் சொல்லிவிடுகிறோம்’ என்று எவராவது கோடிகாட்டினால், அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள்; சட்டத்தை இவ்வளவு எளிதாக மீறுபவர்கள் ஆய்வகத்தின் தரத்தை மட்டும் காப்பார்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

கட்டணத்தை மொத்தமாகக் கேட்காமல் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசி மருந்துகள், முட்டை சேகரிப்பு, இக்சி (முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்துதல்), கருவிலிருந்து செல் எடுக்கும் கட்டணம், குடும்பத்துக்கென்று சோதனையை வடிவமைக்கும் ஒருமுறைக் கட்டணம், ஒவ்வொரு கருவுக்குமான சோதனைக் கட்டணம், உறையவைத்தல், ஆண்டுச் சேமிப்பு, பின்னர் கருவை வைக்கும் சுழற்சி என்று இவை தனித்தனியே வரும். ஒரு கருகூடத் தேறாவிட்டால் எந்தத் தொகை திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஊசிக்கு முன்பே ஆய்வகம் தயாராக வேண்டும்

பிஜிடி-எம்மில் பலர் அறியாத படி இது. கருவிலிருந்து கிடைப்பது ஐந்து முதல் பத்து செல்கள்தான். இவ்வளவு குறைந்த டி.என்.ஏ.வைப் பெருக்கும்போது, இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று பெருகாமல் விட்டுப்போகலாம். அப்படியானால் நோயுள்ள கரு நோயற்றதாகத் தோன்றும் ஆபத்து உண்டு. இதைத் தவிர்க்க, மாற்றத்தை மட்டும் தேடாமல், அதன் இருபுறமும் சேர்ந்தே கடத்தப்படும் மரபணு அடையாளங்களையும் ஆய்வகம் பார்க்கிறது. எந்த அடையாளம் நோயுள்ள பிரதியோடு வருகிறது என்று அறியக் கணவன், மனைவி, நோயுள்ள குழந்தை ஆகியோரின் ரத்தம் வேண்டும். குழந்தை இல்லையென்றால் இருவருடைய பெற்றோரின் ரத்தம் தேவைப்படலாம். ஆகவே தாத்தா பாட்டியை முன்கூட்டியே சம்மதிக்க வைப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. இந்தத் தயாரிப்புக்குப் பல வாரங்கள் ஆகும். அது முடிந்தது என்று ஆய்வகம் எழுத்தில் தெரிவிக்கும் வரை ஊசியைத் தொடங்க வேண்டாம்.

சிகிச்சைச் சுழற்சி

இதற்குப் பிந்தையவை வழக்கமான ஐவிஎஃப் படிகளே. மாதவிலக்கின் தொடக்கத்திலிருந்து சுமார் 10 முதல் 12 நாள் தினமும் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், இறுதி ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளைச் சேகரிப்பார்கள். வயிறு வேகமாக உப்புதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டதன் அறிகுறிகள் இவை. சோதனைக்கான செல்களில், கருவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் வேறு விந்தணுக்களின் டி.என்.ஏ. கலந்துவிடாதிருக்க, முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்சி முறையைப் பொதுவாகக் கையாள்கிறார்கள்.

ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் கரு பிளாஸ்டோசிஸ்ட் நிலையை அடைகிறது. குழந்தையாக வளரும் உட்செல் திரளைத் தொடாமல், பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறும் வெளிப்படலத்திலிருந்து லேசர் உதவியோடு செல்களை எடுக்கிறார்கள். கரு உடனே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்படுகிறது. செல்கள் மட்டுமே சிறு குழாயில் மரபணு ஆய்வகத்துக்குப் பயணம் செய்கின்றன. கரு மருத்துவமனையைவிட்டு நகர்வதில்லை.

இங்கு எண்ணிக்கை எப்படிக் குறையும் என்பதை முன்பே மனத்தில் கொள்ள வேண்டும். 12 முட்டைகள் கிடைத்தால் ஒன்பது பத்து முதிர்ந்திருக்கும், ஏழு கருவுறலாம், பிளாஸ்டோசிஸ்ட் நிலையை மூன்றோ நான்கோ எட்டலாம், தலசீமியாச் சோதனையில் அவற்றில் நான்கில் மூன்று பங்கு தேறும் என்பது கணக்கு, ஆனால் மூன்றே கருக்கள் இருக்கும்போது கணக்கு கணக்காக வராது. ஒன்றுமே தேறாத சுழற்சியும் உண்டு. அது உங்கள் உணவாலோ வேலையாலோ நேர்ந்ததன்று.

அறிக்கையைப் படிப்பது

முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். நோயுள்ளது, கேரியர், நோய்க்கூறு அற்றது, முடிவு கிடைக்காதது என்று கருக்கள் பிரிக்கப்பட்டிருக்கும். கேரியர் கருவை ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் தம்பதியர் உண்டு; அவர்களிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கேரியர் கரு உங்களைப் போலவே வாழும். நோயற்ற கருவுக்குச் சமமாகவே அதை மதித்து, வளர்ச்சித் தரத்தைக் கொண்டே எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்யலாம். முடிவு கிடைக்காத கருவை மறுபடி உருக்கிச் செல் எடுக்க முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் கருவுக்குச் சிறு பாதிப்பு வாய்ப்பு கூடுகிறது.

தலசீமியா உள்ள மூத்த குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை பொருந்தும் வகையில் கருவைத் தேர முடியுமா என்ற கேள்வியும் இங்கே வரும். முடியும். அகமதாபாத்தில் 2018இல் இவ்வாறு பிறந்த பெண் குழந்தையின் மஜ்ஜை 2020 மார்ச்சில் அவளுடைய அண்ணனுக்கு மாற்றப்பட்டது. ஆனால் நோயின்மைக்கான வாய்ப்பு நான்கில் மூன்று, பொருத்தத்துக்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டும் சேரும்போது 16 கருக்களில் மூன்றுதான் தேறும். எத்தனை சுழற்சிகளுக்கு உடலும் பணமும் தாங்கும், அதற்குள் மூத்த குழந்தையின் வயது என்னவாகும் என்று ரத்தநோய் மருத்துவரோடு பேசிவிட்டே இதில் இறங்க வேண்டும். பிறக்கப்போகும் குழந்தை தனக்காகவும் நேசிக்கப்படுமா என்பதையும் பெற்றோர் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிஜிடி-ஏ: கூடுதல் சோதனை வேண்டுமா?

‘கருக்களைச் சோதித்து வைத்தால் வெற்றி நிச்சயம்’ என்று சொல்லி இதைச் சேர்ப்பவர்கள் பலர். வயது கூடக்கூடக் குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய கருக்கள் கூடுகின்றன என்பது உண்மை. 30 வயதையொட்டி ஏறக்குறைய நான்கில் ஒரு கரு அப்படி இருக்கும், 40ஐத் தாண்டினால் பாதிக்கும் மேல். ஆனால் சோதனை எந்தக் கருவையும் சரிசெய்வதில்லை; இருக்கும் கருக்களை வரிசைப்படுத்துகிறது, அவ்வளவே. 2019இல் வெளியான ‘ஸ்டார்’ ஆய்வில், 25 முதல் 40 வயது வரையிலான 661 பெண்களிடையே, கரு வைத்தபின் தொடர்ந்த கர்ப்பம் சோதித்தவர்களிடம் 50 சதவீதம், சோதிக்காதவர்களிடம் 46 சதவீதம். இது குறிப்பிடத்தக்க வேறுபாடன்று. வயது மிகுந்த பிரிவில் மட்டும் பயன் இருப்பதுபோலத் தோன்றியது. 2021இல் சீனாவில் 20 முதல் 37 வயது வரை, நல்ல கருக்கள் குறைந்தது மூன்று இருந்த 1,212 பெண்களிடம் செய்த ஆய்வில், ஓராண்டுக்குள் வைத்த கருக்களிலிருந்து குழந்தை பெற்றவர்கள் சோதித்தவர்களில் 77.2 சதவீதம், சோதிக்காதவர்களில் 81.8 சதவீதம். கருச்சிதைவு சோதித்தவர்களிடம் குறைவாக இருந்தது. பிரிட்டனின் அரசு ஒழுங்குமுறை அமைப்பான எச்எஃப்இஏவும், கருச்சிதைவைக் குறைக்க இது உதவலாம், குழந்தை பெறும் வாய்ப்பைப் பெரும்பாலோருக்குக் கூட்டுவதில்லை என்றே மதிப்பிட்டிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நம்பிக்கையில்தான் சில செல்களை வைத்து முழுக் கருவையும் மதிப்பிடுகிறோம். ஆனால் சில கருக்களில் சரியான செல்களும் பிசகிய செல்களும் கலந்திருக்கின்றன. இவற்றை மொசைக் என்கிறார்கள். 2015இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், வேறு கருவே இல்லாத 18 பெண்களுக்கு மொசைக் கருக்களை வைத்தபோது ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. ஆகவே அறிக்கையில் மொசைக் என்றிருந்தால் உடனே அழிக்கச் சம்மதிக்காதீர்கள். எந்தக் குரோமோசோம், எத்தனை சதவீதம் என்று மரபணு ஆலோசகரிடம் விளக்கம் பெறுங்கள்.

என் கருத்து இது: வயது 35க்குள், கருச்சிதைவு வரலாறு இல்லை, கருக்கள் இரண்டோ மூன்றோதான் உள்ளன என்றால் பிஜிடி-ஏவுக்குப் பணம் செலவிட வலுவான காரணம் இல்லை. வயது கூடியவர்களும் கரு பலமுறை கலைந்தவர்களும் இதைப் பரிசீலிப்பதில் நியாயம் உண்டு. வெற்றியை அன்றி, மீண்டும் ஒரு கருச்சிதைவைத் தவிர்க்கும் வாய்ப்பையே அவர்கள் எதிர்பார்க்க வேண்டும். பல மரபணுக்களைக் கூட்டிப் பார்த்து நீரிழிவோ அறிவுத்திறனோ வருமா என்று கணிப்பதாகச் சொல்லும் சோதனைகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் அதை நிரூபிக்கப்படாத, அறத்துக்கு ஒவ்வாத நடைமுறை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

கருவை வைத்தபின்

ஒரு நேரத்தில் ஒரு கருவை வைப்பதே தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. சோதித்துத் தேர்ந்த கருவை இரட்டையாக வைப்பதில் குறைப்பிரசவ ஆபத்துதான் கூடுகிறது. கர்ப்பம் உறுதியானபின், பிஜிடி-எம் முடிவைப் பனிக்குட நீர்ச் சோதனையாலோ நஞ்சுக்கொடித் திசுச் சோதனையாலோ உறுதிசெய்துகொள்ள மருத்துவர்கள் பரிந்துரைப்பார்கள். பிழைக்கான வாய்ப்பு சிறிதாக இருந்தாலும் பூச்சியமன்று. செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் அது பற்றிய பேச்சு நடந்திருக்க வேண்டும். வழக்கமான கர்ப்ப கால ஸ்கேன்களை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. ஒரு நோய்க்காகச் சோதித்த கரு மற்றெல்லாக் குறைகளிலிருந்தும் விடுபட்டதாகாது.

மீதமிருக்கும் கருக்களைச் சட்டப்படி பத்தாண்டுகள் வரை சேமிக்கலாம். சேமிப்புக் கட்டணத்தைப் புதுப்பிக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயுள்ள கருக்களை ஆய்வுக்கு அளிக்க உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதால் அந்தப் படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

டி.என்.ஏ. அறிக்கை, சோதனை வடிவமைப்பு அறிக்கை, ஒவ்வொரு கருவின் முடிவு ஆகிய மூன்றின் நகல்களையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். கேரியர் ஒருவருடைய உடன்பிறந்தவர் ஒவ்வொருவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பு குறைந்தது இரண்டில் ஒன்று. அதனால் தம்பி தங்கைகளுக்குத் திருமணப் பேச்சு எடுப்பதற்கு முன்பே எச்.பி.ஏ2 சோதனை செய்யச் சொல்லி, உங்கள் டி.என்.ஏ. அறிக்கையின் நகலையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எந்த மாற்றத்தைத் தேட வேண்டும் என்பது அவர்களுடைய ஆய்வகத்துக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.